கத்திரிக்காய் மேல் போட்ட பழி

குடிபாலா பக்கத்து ஊர்களில் சிவசங்கரன் வீடு எது என்று கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள். ஊசிக்காரர் வீடு எது என்று கேளுங்கள், கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து விட்டுவிட்டுப் போவார்கள். தெலுங்கு பேசும் வீடுகளில் அவர் பெயர் சூதி சிவய்யா; சூதி என்றால் ஊசி. இருபத்திரண்டு வருஷமாகப் பசுக்களுக்குச் சினை ஊசி போடுவதுதான் அவர் பிழைப்பு. பைக்கின் பின்னால் காளை விந்து உறையவைத்த நைட்ரஜன் கேனைக் கயிறு போட்டுக் கட்டி, தோள் வரைக்கும் பிளாஸ்டிக் உறையை மாட்டிக்கொண்டு, கொட்டகை கொட்டகையாக ஏறி இறங்குவார். இந்த வட்டாரத்தில் துள்ளுகிற கன்றுகளில் பாதிக்கு இவர்தான் தகப்பன் என்று டீக்கடையில் கேலி பேசுவார்கள். அவரும் சிரித்துவைப்பார். ஐம்பத்தோரு வயதில் அதே கேலிக்கு அதே சிரிப்பைச் சிரிப்பதும் ஒரு வேலையாகத்தான் ஆகிப்போனது.

மாட்டோடு கிடக்கிறவருக்கு உண்ணி கடிப்பதெல்லாம் ஒரு விஷயமா? சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் வாசல்படியில் உட்கார்ந்து பேண்ட்டைச் சுருட்டி விடுவார். மனைவி கன்னியம்மாள் செல்போன் வெளிச்சத்தை அடித்துக்கொண்டு, முழங்காலுக்குப் பின்னால், கணுக்காலில், இடுப்பு மடிப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் உண்ணிகளை நகத்தால் கிள்ளி எடுத்துக் கல்லின் மேல் வைத்து நசுக்குவாள். ஒரு நாளைக்கு ஒன்று, ஒரு நாளைக்கு நாலு. ஒரே மகன் அஷ்வின் ஸ்ரீசிட்டியில் ஷிப்டு வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்ட பிறகு, அந்த அரை மணி நேரம்தான் புருஷனும் பெண்சாதியும் நாலு வார்த்தை பேசிக்கொள்ளும் நேரமாக இருந்தது. அந்தச் சின்னப் பூச்சி அவர் ரத்தத்துக்குள் என்ன வேலை பார்த்துவிட்டுப் போகிறது என்று இருவருக்கும் எப்படித் தெரியும்?

இரண்டு வருஷத்துக்கு முன்னால் முதல் தடவை விழுந்தார். சித்தூரில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து. மத்தியானம் இலை போட்டுக் கறிச்சோறு. ஒரு பிடி பிடித்துவிட்டு, வருகிற வழியில் சாயங்காலம் டீயோடு இரண்டு கத்திரிக்காய் பஜ்ஜி தின்றார். வீட்டுக்கு வந்து சேருவதற்குள் உள்ளங்கை அரித்தது. பிறகு முதுகு, பிறகு தலை. உடம்பெல்லாம் பத்தை பத்தையாகத் தடித்து, உதடு வீங்கி, வயிற்றைப் பிசைந்து வாந்தி எடுத்து, கொல்லைப்பக்கம் போனவர் அங்கேயே சாய்ந்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர்கள் தூக்கி வந்து தண்ணீர் தெளித்தார்கள். யாரோ போய் ஒரு டாக்டரைக் கூட்டி வந்து ஊசி போடவைத்தார்கள்.

கன்னியம்மாள் அங்கேயே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "கத்திரிக்கா. அது கரப்பான், அரிப்பு வரும்னு ஊருக்கே தெரியும். இனிமே அது இந்த ஊட்டு வாசப்படி ஏறக்கூடாது."

ஏறவில்லை. சிவசங்கரனுக்குக் கத்திரிக்காய் என்றால் உயிர். கருவாடு போட்ட கத்திரிக்காய்க் குழம்பு இருந்தால் அடுத்த வேளைக்கும் அதையே கேட்கிற ஆள். ஆனாலும் வாயை மூடிக்கொண்டார். மூன்று மாதம் கழித்து, கங்கம்மா ஜாத்திரை முடிந்த சாயங்காலம், மறுபடியும் விழுந்தார். அன்றைக்குக் கடைசியாகத் தின்றது வறுத்த வேர்க்கடலை. கடலை போயிற்று. சித்தூர் ஜில்லாவில் இருந்துகொண்டு வேர்க்கடலை தின்னாமல் இருப்பது எவ்வளவு பெரிய தண்டனை என்று இந்த ஊர்க்காரர்களைக் கேட்டால்தான் தெரியும். அதற்கடுத்த தடவை கருவாடு போயிற்று. அப்புறம் முட்டை. ஒவ்வொரு தடவையும் சாயங்காலம் என்ன தின்றாரோ அதன் தலையில் பழி விழுந்தது. மத்தியானம் தின்றது அதற்குள் எல்லோருக்கும் மறந்து போயிருக்கும். ஐந்து மணி நேரம் வயிற்றில் பேசாமல் கிடந்துவிட்டு ஒன்று கிளம்பி வந்து ஆளை அடிக்கும் என்று யார் நினைப்பார்கள்? டாக்டர்களே நினைக்கவில்லை. ஒருவர் கேஸ் என்றார். இன்னொருவர் இதயம் என்று ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு, இதயம் கல்லு மாதிரி இருக்கிறது என்று அனுப்பிவிட்டார். மூன்றாமவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, குடிப்பீர்களா என்று கேட்டார். நாலாமவர், மனதில் ஏதாவது கவலை இருக்கிறதா என்று கேட்டார்.

"கத்திரிக்கா துன்ன முடியலியே சார், அந்தக் கவலதான்" என்றார் சிவசங்கரன். அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. அவருக்கு அலுத்துப் போயிருந்தது.

விழுந்து எழுந்த உடம்பு கிழிந்த துணி போலக் கிடக்கும். அந்த உடம்பைத் தேற்ற கன்னியம்மாளுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்று. ஆட்டுக்கால் சூப். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, முந்தின நாளே சுட்டுச் சுரண்டி வைத்த கால்களை மிளகு, சீரகம், சின்ன வெங்காயம் தட்டிப்போட்டு இரண்டு மணி நேரம் வேகவிடுவாள். குக்கரில் வைத்தால் சத்து இறங்காது என்று விறகடுப்புதான். சூப்பின் மேலே மஞ்சளாகக் கொழுப்பு மிதக்க, டம்ளரில் ஊற்றி எதிரே நின்றுகொண்டு, கடைசிச் சொட்டு வரை குடிக்கவைப்பாள். அவளுடைய நைனா காசநோயில் படுத்திருந்தபோது, ஒரு ஜதை ஆட்டுக்கால் வாங்கிப்போட வீட்டில் நாதியில்லை. எலும்பும் தோலுமாகப் போய்ச் சேர்ந்தார். அப்போது அவளுக்குப் பதினைந்து வயது. அந்த ஆற்றாமை முப்பது வருஷமாக அவளுக்குத் தீரவில்லை. புருஷன் முடியாமல் படுத்தால் அவள் கை தானாக ஆட்டுக்காலைத் தேடும்.

சூப் குடித்த நாட்களில் பதினோரு மணிக்கெல்லாம் வெயிலில் பைக் ஓட்டும்போது உடம்பு அரிக்கும். வந்து சொன்னால், "கெட்டது வெளிய வருதுயா, நல்லதுதான்" என்பாள். சரி, நல்லதுதான் என்று அவரும் மறுநாள் சூப்பைக் குடிப்பார்.

இப்படி எட்டுத் தடவை. இந்த வருஷம் புரட்டாசி வந்தது. பெருமாள் மாதம். தமிழ் வீடுகளில் கறி மீன் எதுவும் கிடையாது. முப்பது நாளும் அவருக்கு ஒரு சின்ன அரிப்புகூட வரவில்லை. மூன்றாவது சனிக்கிழமை இருவரும் திருப்பதி மலைக்கு நடந்தே ஏறினார்கள். சிவசங்கரன் மொட்டை போட்டுக்கொண்டார். பெருமாள் கண் திறந்துவிட்டார் என்று கன்னியம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பெருமாள் உண்மையிலேயே கண் திறந்துதான் ஜாடை காட்டினார். அதைப் படிக்கத்தான் இருவருக்கும் தெரியவில்லை. புரட்டாசி முடிந்த முதல் ஞாயிறு, முப்பது நாள் பட்டினிக்கும் சேர்த்து, கொழுப்பும் ஈரலுமாக ஒன்றரைக் கிலோ கறி வந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் விழுந்ததுதான் ஒன்பதாவது. மற்ற எட்டும் இதன் காலில் விழ வேண்டும். நாக்கு வீங்கி, மூச்சுக் குழலில் விசில் அடித்து, கண் செருகிவிட்டது. ஷேர் ஆட்டோவில் போட்டுச் சித்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். டூட்டி டாக்டர் ரக்ஷிதா, படிப்பு முடித்து இரண்டு வருஷம்கூட ஆகாத பெண், வந்ததும் வராததுமாகத் தொடையில் ஒரு ஊசியை இறக்கினாள். ஊசிக்காரருக்கே ஊசி. பத்து நிமிஷத்தில் மூச்சு திரும்பிற்று.

மறுநாள் காலையில் ரவுண்ட்ஸ் வந்த அந்தப் பெண், யாருமே இதுவரை கேட்காத ஒன்றைக் கேட்டாள்.

"நேத்து மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க அண்ணா?"

"கறிம்மா. ஆட்டுக்கறி. புரட்டாசி முடிஞ்சிச்சே."

"அதுக்கு முன்னாடி விழுந்தப்போ? சாயங்காலம் சாப்பிட்டதக் கேக்கல. மத்தியானம்."

சிவசங்கரன் யோசித்தார். காதுகுத்து. ஜாத்திரை. ஞாயிற்றுக்கிழமைகள். விரலை மடக்கிக்கொண்டே வந்தவருக்கு நடுவில் விரல் நின்றுவிட்டது. டாக்டர் அதற்குள் போர்வையை விலக்கி அவர் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கணுக்காலிலிருந்து தொடை வரை ஆறியதும் ஆறாததுமாகச் சின்னச் சின்ன வடு.

"இது என்ன?"

"உண்ணி கடிச்சதும்மா. மாட்டு வேல."

அவள் அங்கேயே நின்று யாரோ ஒரு பெரிய டாக்டருக்கு போன் போட்டுத் தெலுங்கில் பேசினாள். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னாள். சில உண்ணி கடித்தால் ரத்தம் ஒரு சர்க்கரைப் பொருளைப் பகையாக எடுத்துக்கொள்ளுமாம். அது ஆடு, மாடு, பன்றி இவற்றின் கறியிலும் இருக்கிறதாம். தின்ற உடனே ஒன்றும் தெரியாது. கொழுப்பு செரித்து ரத்தத்தில் கலக்க நாலைந்து மணி நேரம் ஆகும். அப்போதுதான் சண்டை ஆரம்பிக்கும்.

"மீன், கோழி, முட்டை, காய்கறி எதுவும் ஒண்ணும் பண்ணாது. ஆனா நாலு கால் பிராணி எதுவும் கூடாது. கறி, ஈரல், கொழுப்பு, எலும்பு வேகவச்ச தண்ணி, எதுவுமே. நான் வாயால சொன்னா போதாது, ரத்தத்துல பார்க்கணும். திருப்பதிக்கு எழுதித் தரேன்."

"எலும்பு வேகவச்ச தண்ணின்னா?"

"பாயா, சூப்பு, அந்த மாதிரி. கால் சூப்பு சுத்தமா ஆகாது."

அப்போது கன்னியம்மாள் வார்டுக்குள் வந்தாள். ராத்திரி முழுக்கத் தரையில் உட்கார்ந்திருந்துவிட்டு, விடியற்காலை முதல் பஸ்ஸில் வீட்டுக்குப் போய் மாட்டுக்குத் தீனி போட்டுவிட்டு வந்திருந்தாள். கையில் பிளாஸ்க். மூடியைத் திறக்காமலே மிளகு வாசனை அடித்தது. சிவசங்கரன் டாக்டரைப் பார்த்தார். டாக்டரை அடுத்த கட்டிலில் யாரோ கூப்பிட, அவள் எழுந்து போய்விட்டாள்.

"இன்னாயா சொல்லிச்சி அந்தப் பொண்ணு?"

"ஏதோ பூச்சிக்கடி அலர்ஜியாம். திருப்பதி போயி ப்ளட்டு டெஸ்ட்டு எடுக்கணுமாம்."

"எடுக்கலாம். மொதல்ல இத்தக் குடி. மூஞ்சியப் பாரு, ரத்தமே இல்ல."

"வாந்தி வர மாரி கீது. அப்பறம் குடிக்கிறேன்."

சொல்லியிருக்கலாம். ஒரே வார்த்தை. ஆனால் அவள் கண் இரண்டும் தூக்கமில்லாமல் சிவந்து, முந்தானையில் விறகுப் புகை வாசனையோடு நிற்கும்போது, இரண்டு வருஷமாக நீ எனக்கு விஷத்தைக் காய்ச்சி ஊற்றியிருக்கிறாய் என்று எந்த வாயால் சொல்வது? அதுவும் உறுதியாகத் தெரியாமல்? ரத்தத்தில் ஒன்றுமில்லை என்று வந்துவிட்டால் சொல்ல வேண்டியதே இல்லையே. டெஸ்ட் வரட்டும் என்று தள்ளிப்போட்டார். இரண்டு வருஷம் வியாதிக்குப் பெயர் தேடி அலைந்துவிட்டு, அந்தக் காகிதத்தில் ஒன்றும் இருக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்ட ஒரே நோயாளி அவராகத்தான் இருப்பார். அதில் ஒன்றும் இல்லையென்றால் அவர் வியாதிக்கு மறுபடியும் பெயரே இல்லாமல் போய்விடும். பரவாயில்லை என்றுதான் நினைத்தார்.

ஆனால் வீட்டில் நிலைமை மோசமாயிற்று. இந்தத் தடவை சாவின் வாசல்வரை போய் வந்தவர் என்பதால், கன்னியம்மாள் ஒரு மண்டலம் விடாமல் சூப் கொடுப்பதென்று முடிவு கட்டிவிட்டாள். நாற்பத்தெட்டு நாள். தினம் காலையில் டம்ளர் வந்தது. "ஆறட்டும்" என்று வாங்கி வைத்துக்கொண்டு, அவள் பால் கறக்கத் திரும்பும் நேரம் பார்த்து, துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் இருந்த கறிவேப்பிலைச் செடியின் அடியில் ஊற்றினார். திருடனைப் போல ஊற்றிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வருவார். ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குத் தப்ப, மாடு சினைக்குக் கத்துகிறது என்று போன் வந்ததாகச் சொல்லிவிட்டு பைக்கை எடுத்துக்கொண்டு ஓடிவிடுவார். அரிப்பு வரவில்லை. விழவில்லை. "பாத்தியா, சூப்பு வேல செய்யுது" என்றாள் கன்னியம்மாள். அவருக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

திருப்பதி பெரிய டாக்டரைப் பார்க்க இரண்டு வாரம் காத்திருக்க வேண்டியிருந்தது. தனியாகத்தான் போனார். வீட்டில் பசு இருக்கிறதே என்று கன்னியம்மாளைச் சொல்லி நிறுத்திவிட்டார். டாக்டர் எல்லாம் கேட்டுவிட்டு, இந்த டெஸ்ட் இங்கே கிடையாது, ரத்தம் எடுத்து வெளியூர் லேபுக்கு அனுப்புவார்கள், பத்து நாள் ஆகும் என்றார். லேப் கவுண்ட்டரில் கணினி முன்னால் இருந்த பெண் பெயர், வயது கேட்டு அடித்தாள்.

"போன் நம்பரு செப்பண்டி."

சிவசங்கரனின் வாய் தானாக ஒரு நம்பரைச் சொல்லிற்று. இருபத்திரண்டு வருஷமாக அவர் எழுதிவரும் சினை ரிஜிஸ்டரில் பசுவின் அடையாளம், ஊசி போட்ட தேதி, அப்புறம் போன் நம்பர் என்று கட்டம் இருக்கும். அந்தக் கட்டத்தில் அவர் எப்போதும் வீட்டு அம்மாவின் நம்பரைத்தான் எழுதுவார். ஆம்பளைகள் வெளியே போய்விடுவார்கள். மாடு எப்போது கத்தியது, எப்போது தீனி எடுக்கவில்லை என்று வீட்டில் இருக்கிற பொம்பளைக்குத்தான் தெரியும். அந்தப் பழக்கத்தில், தன்னையும் ஒரு மாடாகப் பாவித்து, கன்னியம்மாளின் நம்பரைச் சொல்லிவிட்டார். சொன்னதுகூட அவர் நினைவில் நிற்கவில்லை. அடுத்த நிமிஷம் கையை நீட்டச் சொன்னார்கள். நீட்டினார். இரண்டு குப்பியில் ரத்தம் நிறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்வைக்கு நல்ல ரத்தமாகத்தான் இருந்தது.

பத்து நாள் கழித்து ரிப்போர்ட்டை வாங்கி டாக்டரிடம் காட்ட வேண்டும். முதல் பஸ்ஸைப் பிடித்து எட்டரைக்கெல்லாம் திருப்பதி போய்ச் சேர்ந்தார். கவுண்ட்டரில் அதே பெண்.

"மொன்னனே பம்பிஞ்சாமண்டி. வாட்சாப்லோ சூடலேதா?"

முந்தாநாளே அனுப்பிவிட்டார்களாம். தன் போனை எடுத்துப் பார்த்தார். ஒன்றுமில்லை. எந்த நம்பருக்கு அனுப்பினீர்கள் என்று கேட்டார். அவள் ஸ்கிரீனைப் பார்த்துப் படித்தாள். கடைசி நாலு எண்ணும் கன்னியம்மாளுடையது.

முந்தாநாள். அப்படியென்றால் நேற்றுக் காலை. நேற்றுக் காலை சூப் வரவில்லை. "கால் கெடைக்கல" என்றாள். ஊற்றுகிற வேலை மிச்சம் என்று அவர் நிம்மதியாகக் கிளம்பிப் போனார். தெலுங்கர்களின் கார்த்திக மாதம் நடந்துகொண்டிருக்கிறது. தெலுங்கு வீடுகளில் கறி வாங்குவதில்லை. கசாப்புக் கடையில் காலும் தலையும் கேட்பாரற்றுக் கிடக்கிற நாட்கள். அதில் கால் கிடைக்கவில்லை என்று அவள் சொல்ல, இவரும் நம்பினார். இன்றைக்கு விடியற்காலையும் வெறும் கஞ்சியைத்தான் கொடுத்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அதையும் அவர் கவனிக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தாரா? பார்க்கவில்லை.

அச்சடித்த ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு டாக்டரிடம் போனார். ஒன்றுக்கும் கீழே இருக்க வேண்டிய அளவு அவருக்கு இருபத்தெட்டு இருந்தது. சந்தேகமே இல்லை என்றார் டாக்டர். என்னென்ன கூடாது என்று மறுபடியும் சொன்னார். புதிதாக உண்ணி கடிக்காமல் இருந்தால் சில வருஷத்தில் இந்த அளவு இறங்கலாம், கடித்துக்கொண்டே இருந்தால் இறங்காது என்றார்.

"மாட்டு வேலையை விட முடியுமா?"

"வுட்டுட்டு துன்றதுக்கு இன்னா சார் பண்றது?"

"அப்போ கடிக்காம பார்த்துக்குங்க" என்றார் டாக்டர். அவரும் பாவம், வேறென்ன சொல்வார். சிவசங்கரன் தலையாட்டிவிட்டு வந்தார்.

சித்தூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வியாதிக்குப் பெயர் கிடைத்துவிட்டது, இனி விழ வேண்டாம், ஒரு மனிதன் சந்தோஷப்பட வேண்டிய நாள். அவருக்கோ இறங்கி எங்காவது போய்விடலாமா என்றிருந்தது. என்ன சொல்வது என்று ஒரு பத்து விதமாக மனதுக்குள் பேசிப் பார்த்தார். எல்லாமே பொய் மாதிரி இருந்தன. நடுவில் கண் அசந்துவிட்டார். கண்டக்டர் தட்டி எழுப்பும்போது சித்தூர் வந்திருந்தது.

வீட்டை அடையும்போது மணி ஒன்றரை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வாசனை மூக்கில் ஏறியது. இரண்டு வருஷமாக அந்த வீட்டில் அடிக்காத வாசனை.

"கைய கழுவிக்கினு வா" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

தட்டில் சோறு. சோற்றின் மேல் கருவாடு போட்ட கத்திரிக்காய்க் குழம்பு. பக்கத்தில் இரண்டு அவித்த முட்டை. ஒரு கிண்ணத்தில் வறுத்த வேர்க்கடலை. வீட்டை விட்டுத் துரத்திய அத்தனை பேரையும் கன்னியம்மாள் ஒரே நாளில் திரும்பக் கூப்பிட்டு வைத்திருந்தாள்.

சிவசங்கரன் தட்டைப் பார்த்தபடி நின்றார். "இன்னாமே இது?"

"துன்னுயா. அதெல்லாம் ஒண்ணியும் செய்யாதாம். பிரீத்தி படிச்சிட்டு சொன்னா."

பிரீத்தி எதிர் வீட்டுப் பெண், நர்சிங் படிக்கிறாள். முந்தாநாள் சாயங்காலம் போனில் ஏதோ வந்திருக்கிறதே, மாமா பேர் போட்டிருக்கிறதே என்று அவளிடம் காட்டியிருக்கிறாள் கன்னியம்மாள். அந்தப் பெண் நெட்டில் தேடிப் பார்த்து, ஒன்று விடாமல் விளக்கிச் சொல்லியிருக்கிறது. சூப்பைப் பற்றிக் கன்னியம்மாள் தனியாகக் கேட்டு, இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டாளாம்.

அவர் உட்கார்ந்து பிசைந்து ஒரு வாய் எடுத்து வைத்தார். கத்திரிக்காய் நாக்கில் கரைந்தது. தண்ணீரைக் குடித்து விழுங்கினார். அவள் எதிரில் சுவரோரமாக உட்கார்ந்து அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிலயே தெரியும்" என்றாள்.

"உறுதியா தெரியாம எப்டிமே சொல்றது?"

"கருவேப்பில செடியாண்ட எறும்பு மொய்ச்சிகினு கெடந்திச்சி. நீதான் ஊத்துறன்னு எனக்கு மூணாம் நாளே தெரியும்." கடலைக் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினாள். "ஒறப்பு பத்தல, அதான் உனுக்கு புடிக்கலன்னு நெனச்சிகினேன். அதுக்குன்னே மறுநாள் மொளகு கூட போட்டேன்."

சிவசங்கரன் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். குனிந்து சாப்பிட்டார். அவள் எழுந்து இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். ஊற்றிவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி இரண்டு.

"அஞ்சு மணி நேரம்னு சொன்னா பிரீத்தி. ஏழு மணி வரிக்கும் எங்கியும் போவாத."

மூன்று மணிக்கு அவருடைய போன் அடித்தது. மேல்தெரு வெங்கடம்மா. அவளுடைய பசு மத்தியானத்திலிருந்து கத்துகிறதாம். "சிவய்யா, தொந்தரகா ரா" என்று சீக்கிரம் வரச்சொல்லும் குரல் வெளியே கேட்டது. கன்னியம்மாள் போனை அவர் கையிலிருந்து வாங்கி, "ஈ ரோஜு ராரு அக்கா, ரேப்பு பொத்துன வஸ்தாரு" என்று சொல்லி வைத்துவிட்டாள். இருபத்திரண்டு வருஷத்தில், ஊசிக்காரர் இன்றைக்கு வரமாட்டார் என்று அந்த வீட்டிலிருந்து யாருக்கும் சொன்னதில்லை. சிவசங்கரன் பாயில் சாய்ந்துகொண்டார். திருப்பதி போய்வந்த அலுப்பு, இரண்டு வருஷத்து அலுப்பு, எல்லாம் சேர்ந்து உடம்பை அழுத்தியது. தூக்கம் மட்டும் வரவில்லை. கன்னியம்மாள் தன்னுடைய பழைய புடவை ஒன்றைக் கிழித்து, அகலமான நாடாவாகத் தைத்துக்கொண்டிருந்தாள். நாளையிலிருந்து பேண்ட்டின் கால்பகுதியை அதில் இறுக்கிக் கட்டிக்கொண்டு போக வேண்டுமாம். உண்ணி ஏறக்கூடாதாம். ஒவ்வொரு தையலுக்கும் ஒரு தடவை கடிகாரத்தைப் பார்த்தாள்.

நாலாயிற்று. ஐந்தாயிற்று. "அரிக்குதா?" என்று கேட்டாள். இல்லை என்றார். ஆறு மணிக்கு விளக்கைப் போட்டுவிட்டு வந்து மறுபடியும் கேட்டாள். இல்லை. "உதடு?" ஒன்றுமில்லை. ஆறரைக்கு அவர் தானாகவே உள்ளங்கையை விரித்துக் காட்டினார்.

ஏழு ஆயிற்று. கன்னியம்மாள் தையலை வைத்துவிட்டு எழுந்து வந்தாள். செல்போன் வெளிச்சத்தை அடித்து, உண்ணி பார்ப்பது போலவே, அவர் உள்ளங்கை, கழுத்து, காதுக்குப் பின்னால், சட்டையைத் தூக்கி முதுகு, எல்லாம் பார்த்தாள். ஒரு தடிப்பு இல்லை. ஒரு சிவப்பு இல்லை. கத்திரிக்காயும் கருவாடும் கடலையும் முட்டையும் வயிற்றுக்குள் போய் ஐந்து மணி நேரம் ஆகிவிட்டது, ஒரு பாவமும் செய்யவில்லை.

அதைப் பார்த்த பிறகுதான் அவள் அழுதாள். அதுவரை அவளுக்குள் எங்கோ ஒரு மூலையில், அந்தக் காகிதம் தப்பாக இருக்கலாம், பழி கத்திரிக்காய் மேலேயே இருந்துவிடலாம் என்று ஒரு ஆசை இருந்திருக்க வேண்டும். அது இப்போது போய்விட்டது.

"ஒம்பது தரம்யா" என்றாள். "ஒம்பது தரம் உழுந்து எழுந்த. ஒவ்வொரு தரமும் எழுப்பி உக்கார வச்சி, நானே என் கையால ஊத்திகினு கீறேன்."

"நீ இல்லமே. உண்ணி."

"உண்ணிக்கு நீ யாரு? எனக்கு நீ யாரு?"

அவள் முதுகில் கையை வைத்தார். அது குலுங்கிக்கொண்டே இருந்தது. இருபத்தேழு வருஷக் கல்யாணத்தில் அவளை எப்படித் தேற்றுவது என்று அவர் கற்றுக்கொண்டதே இல்லை. தேற்றுவது எப்போதும் அவள் வேலையாகத்தான் இருந்தது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்:

"கத்திரிக்கா கொழம்பு இன்னும் கீதா? பசிக்குது."

கன்னியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்பு பற்றவைக்க எழுந்து போனாள்.